வற்றும் குட்டைக்கு யார் காவல்?

இயற்கைப் பாதுகாப்பு என்ற சொல்லை எம்மவர் சந்தேகத்துடன் நோக்குவதற்குக் காரணம் உண்டு. போரினால் மக்கள் விட்டுச் சென்ற வயல்களில் பற்றை வளர்ந்தது. பற்றை காடென்று பெயர் பெற்றது. மீண்டு வந்தவர்கள் தம் காணியில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டார்கள். வன்னியில் இது பலரது அனுபவம். ஆகவே, "சூழல் பாதுகாப்பு என்பது காணி பறிப்பின் இன்னொரு பெயர்தானே?" என்று நண்பர்கள் கேட்கும்போது உடனே மறுத்துவிட முடிவதில்லை. அதையே முடிந்த முடிவாகக் கொள்ளவும் நான் தயாரில்லை. நான் வசிக்கும் நியூ ஜேர்சி மாநிலத்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்கின் சில குட்டைகளை முன்வைத்து, நிலத்தைப் பேணுதல் என்றால் நடைமுறையில் என்ன, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை இங்கு விளக்க முயல்கிறேன்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் பெருங்காடுகள் கொண்ட ஊரல்ல. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 49,715 பேர் வாழும் புறநகர் அது. 18ஆம் இலக்க நெடுஞ்சாலையின் இருமருங்கும் கடைத்தொகுதிகள். வீடுகளுக்கிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் ஒன்றை ஊடறுத்துச் செல்கிறது பீக்மன் வீதி. அக்காட்டின் பள்ளங்களில் உருகும் பனியும் மழைநீரும் தேங்கி, வசந்தத்தில் நிறைந்து, கோடையில் வற்றிவிடும் குட்டைகள் உள்ளன. எங்கள் ஊர் மாரிக் குட்டைகளின் உறவினர் எனலாம்.

வற்றுவதுதான் இக்குட்டைகளின் சிறப்பு. வற்றும் நீரில் மீன் நிலைத்து வாழாது. மீன் இல்லாததால் முட்டைகளும் குஞ்சுகளும் தப்பிப் பிழைக்கும். இதை நம்பி வாழ்வனவற்றுள் ஒன்று புள்ளிச் சலமாண்டர்: பல்லியின் உருவமும் தவளையின் ஈரத் தோலும் கொண்ட, கரிய உடலில் மஞ்சட் புள்ளிகளுள்ள பிராணி. ஆண்டின் பெரும்பகுதியை அது காட்டு மண்ணுக்குள் கழிக்கிறது. குளிர்காலம் தணிந்து நிலம் இளகியதும், மழை பெய்யும் இரவுகளில், தான் பிறந்த குட்டையை நாடிப் பல சலமாண்டர்கள் ஒருமித்து வெளிக்கிடும். மரத் தவளையும் அப்படியே. காட்டுக்கும் குட்டைக்கும் இடையில் வீதி. ஒரு வாகனம் சில நிமிடங்களில் ஒரு தலைமுறையை நசுக்கிவிடலாம்.

நகரசபை செய்வது எளிமையானது. அத்தகைய இரவுகளில் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை அவ்வீதியின் ஒரு பகுதியை மூடிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடைபெறுகிறது. ஆண்டில் சில இரவுகள் மட்டுமே. வேலியோ கட்டடமோ இல்லை. எந்த இரவில் மூடுவது என்பதை மட்டும் அறிந்திருக்க வேண்டும். அதற்கு மண்ணின் குளிரையும் மழையையும் ஆண்டுதோறும் கவனிக்கும் ஆட்கள் வேண்டும்.

குட்டையை மட்டும் வரைபடத்தில் வட்டமிட்டுக் காப்பாற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நியூ ஜேர்சியின் 1987ஆம் ஆண்டு நன்னீர் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், மிக உயர்ந்த மதிப்புடைய ஈரநிலத்தைச் சுற்றியும் 150 அடி, அதாவது சுமார் 46 மீற்றர், இடைவலயமே வழங்குகிறது. 1998இல் உயிரியலாளர் ரேமண்ட் செம்லிற்ச் வெளியிட்ட ஆய்வோ, இவ்வகைச் சலமாண்டர்களில் பெரும்பான்மையைக் காக்கக் குட்டையின் விளிம்பிலிருந்து 164 மீற்றர் வேண்டும் என்று காட்டியது. சட்டத்தின் எல்லை வேறு, பிராணியின் எல்லை வேறு. திட்டமிடுபவர் காக்க வேண்டியது குட்டையை மட்டுமல்ல, குட்டையையும் காட்டையும் இணைக்கும் வழியையும்தான்.

சரி, வேண்டிய நிலத்தை எல்லாம் வாங்கி வேலியடைத்துவிட்டால்? அதற்கும் அருகிலேயே ஒரு பாடம் உண்டு. பிராங்ளின் நகரத்தில் சுமார் 65 ஏக்கர் முதுகாடொன்றை 1955இல் றட்கர்ஸ் பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. ஹச்சசன் நினைவுக் காடு என்பது அதன் பெயர். மனிதர் தலையிடாவிட்டால் ஓக் மரக்காடு என்றென்றும் அப்படியே நிலைக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் விழுந்த ஒரு பழைய மரத்தின் தழும்புகள் வேறு கதை சொல்லின: 17ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை அக்காட்டில் தீ பரவியிருந்தது. அத்தீயிற் பல லெனாபே ஆதிக்குடிகள் மூட்டியவை என்று கருதப்படுகிறது. தீ நின்றதும் ஓக் கன்றுகளுக்கு வெளிச்சம் குறைந்தது. வேறு மரக்கன்றுகள் மேலெழுந்தன. பின்னர் பெருகிய மான்கள் இளங்கன்றுகளை மேய்ந்தன. கன்னிக்காடு என்று நாம் நினைத்தது மனிதர் பராமரித்த காடு. அம்மனிதர்களைத் துரத்திவிட்டு அவர்கள் காட்டை மட்டும் வைத்திருக்க முயன்றதன் விளைவு அது. வன்னியின் குளங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

இனி, தீர்மானம் யார் கையில் என்ற கேள்வி. நியூ ஜேர்சியில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நகரசபைக்கும் சூழல் ஆணைக்குழு அமைக்க இடமளித்தது. ஊரவர்களே அதன் உறுப்பினர்கள்; ஊரின் நீர்நிலைகளையும் திறந்த வெளிகளையும் கணக்கெடுப்பது அவர்கள் வேலை. அதிகாரம் ஆலோசனையளவில்தான். ஆனால் 1961இல் தொடங்கிய 'கிரீன் ஏக்கர்ஸ்' திட்டத்தின் பணத்தில் வாங்கிய நிலத்தை வேறு தேவைக்குத் திருப்புவதானால், பொது விசாரணை வேண்டும், மாற்று நிலம் வேண்டும், மாநில அளவில் ஒப்புதலும் வேண்டும். வரைந்த கோட்டை இரகசியமாக அழிப்பது இலகுவல்ல.

மன்னார் மாவட்டத்தின் விடத்தல்தீவை இதனுடன் ஒப்பிடுக. கண்டல் காடும் கடற்புல்லும் நிறைந்த அப்பகுதி 2016இல் வர்த்தமானி மூலம் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. 2024இல், நீருயிர் வளர்ப்புக்கென அதில் 168 ஹெக்டேயரை விடுவிக்க இன்னொரு வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் செல்ல வேண்டியதாயிற்று. கோடு வரைந்ததும் கொழும்பு, அழிக்க முனைந்ததும் கொழும்பு. கதியாலை இரவில் தள்ளிப் போடும் அயலவனுடனாவது வேலியருகே நின்று வாதாடலாம்!

இங்குள்ள ஏற்பாடு குற்றமற்றது என்று நான் கூற வரவில்லை. 'பசுமை' என்ற பெயரில் ஏழைகளை ஊருக்குள் விடாத நகரசபைகளும் இம்மாநிலத்தில் உண்டு. பெரிய காணிக்கு ஒரு வீடு என்று விதித்தால் காடும் மிஞ்சும், வறியவரும் வரார். நகரசபைகள் நிலவலய விதிகளால் வறியவரை ஒதுக்கக்கூடாது என்று மாநில உயர்நீதிமன்றம் 1975இல் மவுண்ட் லோரல் வழக்கில் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. வாடகைக்கு வீடு தேடி அலைந்த அகதி எவருக்கும் இவ்வழக்கின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

ஆகவே கேள்வி 'பாதுகாப்பு வேண்டுமா, வேண்டாமா' என்பதல்ல. நிலத்தின் கணக்கு யார் கையில் இருக்கிறது, பேணுதலின் சுமையை யார் தாங்குகிறார்கள், தீர்மானத்தை எதிர்க்க எந்த வாயில் திறந்திருக்கிறது என்பவையே கேட்கப்பட வேண்டியவை. பீக்மன் வீதியில் சுமை எல்லோருக்குமானது: காரில் போகிறவர் சுற்றிப் போகிறார், அவ்வளவே. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகியபோது கரையோர மீனவரின் கணக்கை யார் கேட்டார்கள்? குளம், தரவை, கண்டல், மேய்ச்சல் வெளி ஆகியவற்றின் கணக்கை எமது ஊரவரே எழுதி வைத்திருந்தால், திணைக்களத்தின் வரைபடத்துக்கு எதிரே வைக்க எமக்கென்று ஒரு வரைபடம் இருந்திருக்கும். இந்த வேலையை அங்குள்ளவர்களுடன் சேர்ந்து இப்போதாவது தொடங்கலாமா என்பதை வாசகர்கள் விவாதிக்க வேண்டும்.