விண்டோஸா, லினக்ஸா: வீட்டுக் கணினிக்கு எது பாதுகாப்பு?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அந்தத் தொடக்ககாலக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 7. மற்றொன்று சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். கண்ணமங்கலம், ஆரணிப் பக்கத்து வீடுகளில் அவற்றை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. "ஹஜ்ரத், இதில் எது பாதுகாப்பானது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அமைப்பில் லினக்ஸுக்குச் சாதகம் உண்டு. கடவுச்சொல் கொடுக்காமல் அதன் அடிப்படைக் கோப்புகளை மாற்ற முடியாது. மென்பொருள்களும் பெரும்பாலும் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே வருகின்றன. விண்டோஸும் அனுமதி கேட்கிறது. நாம்தான் படிக்காமலே 'ஆம்' என்று அழுத்திவிடுகிறோம். அதைப் பயன்படுத்துவோர் அதிகம் என்பதால் திருடர்களின் கண்ணும் அதன் மேல்தான். அதற்காக மற்றவை கோட்டை என்று எண்ண வேண்டாம். 2012இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் சுமார் 6 லட்சம் ஆப்பிள் மேக் கணினிகளில் புகுந்தது.

பெயரைவிட முக்கியமானது, ஓட்டையை அடைக்கும் திருத்தம் இன்னும் வருகிறதா என்பதே. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை, சுமார் 150 நாடுகளில் விண்டோஸ் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்களும் தப்பவில்லை. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது! அதைப் போடாதவர்களே மாட்டினார்கள். தறியில் இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போடுகிறோம். அப்படியே விட்டால் சேலை முழுக்கப் பழுது ஓடும். கணினியும் அப்படித்தான்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் நின்றது. அன்று வந்த பழைய பாஸ் பதிப்பும் இன்று பாதுகாப்பில்லை. அதனால் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். படங்களையும் சான்றிதழ்களையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, திருத்தம் வந்துகொண்டிருக்கும் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவுங்கள். அது இலவசம்.

கைப்பேசியும் கணினிதான். ஆண்ட்ராய்டில் கடைக்கு வெளியிலிருந்தும் செயலி போடலாம். இந்தியாவில் ஐபோன் அதை எளிதில் விடாது. அந்த வாசல் வழியாகத்தான் வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்' என்ற பெயரில் ஏபிகே கோப்புகள் வருகின்றன. நிக்காஹ் பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், செயலியாக வராது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள், அவரை அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.