துயரைப் பாடும் தந்திகள்

மேனாட்டுச் சங்கீதத்தில் 'அடாஜியோ' என்பது மெதுவான நடையைக் குறிக்கும் இத்தாலியச் சொல். அந்நடையில் அமைந்து, ஏறக்குறைய எட்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் ஓர் இசைப் படைப்பைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அமெரிக்கரான சாமுவேல் பார்பர் இயற்றிய 'தந்தி வாத்தியங்களுக்கான அடாஜியோ' என்பது அதன் பெயர்.

1936-ஆம் ஆண்டில், தமது இருபத்தாறாம் வயதில், நான்கு வாத்தியங்களுக்கென ஒரு படைப்பை அவர் எழுதினார். அதன் நடுப்பகுதியைப் பின்னர்ப் பெரிய வாத்தியக் குழுவுக்கு ஏற்றபடி விரித்தமைத்தார். 1938 நவம்பர் 5-ஆம் நாள் நியூயார்க்கில் டாஸ்கனீனி அதனை நடத்தினார். அன்று அதை உலகுக்கு எடுத்துச் சென்றது வானொலியே என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

இதில் குழலில்லை, முரசில்லை. வயலின், வயோலா, செல்லோ, டபிள் பாஸ் ஆகிய தந்தி வாத்தியங்களே உண்டு. முதலில் வயலின்கள் ஒரே ஸ்வரத்தை நீட்டி நிற்கின்றன. பிறகு அந்த மெட்டு, படியேறும் முதியவரைப்போல, ஒவ்வோர் அடியாக ஏறியும் இறங்கியும் செல்கிறது. வயலின் விட்டதை வயோலாவும், அதன்பின் செல்லோவும் ஏற்கின்றன. ஒலி சிறிது சிறிதாக உயர்ந்து, கதறலுக்கு ஒப்பான உச்சியை எட்டுகிறது. உடனே மௌனம்! அம்மௌனமும் இசையின் ஒரு பகுதியே. அதன்பின் பழைய மெட்டுத் தாழ்ந்த குரலில் திரும்பி வந்து, ஆதார ஸ்வரத்தில் அமராமலே ஓய்ந்துவிடுகிறது.

இது யாருடைய துயரம்? இறந்தார் எவருக்கும் இரங்கற்பாவாக எழுதப்பட்டதன்று இது. ஆயினும் 1963-இல் ஜனாதிபதி கென்னடி கொலையுண்டபோது இது வானொலியில் ஒலித்தது. 2001 செப்டம்பர் 11-இல் நிகழ்ந்த தாக்குதலுக்கு நான்கு நாட்களுக்குப் பின் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்திலும் ஒலித்தது. சொற்கள் இருந்திருந்தால் அவை ஒருவரது துயரையே சொல்லியிருக்கும். சொல்லில்லாமையால் எல்லோருடைய துயருக்கும் இதில் இடம் கிடைத்தது என்பது என் கருத்து.

துயர இசை துயரத்தைப் போக்கிவிடுவதில்லை. உருவமற்றுக் கிடக்கும் வேதனைக்கு ஒரு தொடக்கமும் ஏற்றமும் ஓய்வும் தருகிறது. அழுபவன் தனியனல்லன் என்று உணர்த்துகிறது. மாணவ நண்பர்களே, வாய்ப்பு நேரும்போது வேறு வேலையின்றி அமர்ந்து இதனைக் கேளுங்கள். உச்சிக்குப் பின் வரும் அந்த மௌனத்தையும் தவறாமல் கேளுங்கள்.