ஒவ்வா உணவும் குழந்தைகளும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எம்மவர் பழமொழி. ஆனால், அளவு மிஞ்சாமலே நஞ்சாகும் அமிர்தமும் உண்டு. தேகபுஷ்டிக்கெனத் தாய் ஊட்டும் முட்டையும், வீட்டார் விரும்பியுண்ணும் இறாலும், திருவிழாவில் வாங்கிக் கொறிக்கும் கச்சானும் சில குழந்தைகளுக்கு எள்ளளவே போதும், தீங்கு விளைப்பதற்கு. இதனையே ஒவ்வாமை என்கிறோம். 'அலர்ஜி' என்னும் பெயரை 1906ஆம் ஆண்டில் இட்டவர், வியன்னா நகரக் குழந்தை வைத்தியரான கிளெமென்ஸ் வொன் பிர்க்கே என்பவர்.

நோய்க் கிருமிகளை எதிர்த்தற்கென உடலில் அமைந்த காவற்படை, தீங்கற்ற உணவுப் புரதத்தைப் பகையெனக் கருதிப் போர் தொடுப்பதே இதன் காரணமாகும். அப்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் வெளிப்படுகின்றன. உண்ட சில நிமிடங்களிலோ, பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துள்ளோ தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றும், உதடும் கண்ணிமையும் வீங்கும், வாந்தி உண்டாகும். பாலிலுள்ள சர்க்கரை செமியாமல் வயிறு ஊதிக் கழிதல் வேறு; அஃது ஒவ்வாமையன்று.

இவ்விடயத்தில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. "கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாற் பழகிவிடும்" என்று வற்புறுத்தி ஊட்டுவது ஒன்று. 'கிரந்தி' என்றஞ்சி மீன், முட்டை, பால் யாவற்றையும் ஒருங்கே விலக்குவது மற்றொன்று. முன்னது உயிருக்கு ஆபத்து. பின்னது வளர்ச்சிக்குக் கேடு.

இலண்டனில் நிகழ்த்தப்பெற்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றிலே, கடுங் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 கைக்குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஐந்து வயதளவில், கச்சானை விலக்கி வளர்ந்தோருள் நூற்றுக்குப் பதினேழு பேர் வரையில் கச்சான் ஒவ்வாமை கண்டது. சிறுபருவந்தொட்டு உண்டு வளர்ந்தோருள் நூற்றுக்கு மூவரளவிலேயே கண்டது. ஆகவே, வீணச்சத்தால் விலக்குதல் காப்பாகாது. ஆயினும், அது ஒவ்வாமை தோன்றுமுன், வைத்தியர் சோதித்தபின் தொடங்கியது என்பதை மறத்தலாகாது. தோன்றியபின் வீட்டிற் கொடுத்துப் பார்ப்பது பேதைமையாகும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? உண்டது இன்னது, உண்ட நேரம் இன்னது, கண்ட குறி இன்னது என எழுதிவைத்து வைத்தியரிடங் காட்டுக. ஒவ்வாத உணவு இன்னதெனத் தெளிந்தபின் அதனை மாத்திரம் விலக்கி, அதன் சத்தைப் பிற உணவால் ஈடுசெய்க. பால், முட்டை ஒவ்வாமை வயது ஏறப் பலருக்கு நீங்கும். இறால், கச்சான் ஒவ்வாமை பெரும்பாலும் நிலைத்து நிற்கும். இறாலைப் பொரித்தாலும் அதன் தீங்கு அழியாது. இறால் வடை பொரித்த எண்ணெயிற் பொரித்த பருப்பு வடையும் அக்குழந்தைக்கு ஆகாது.

பாடசாலையில் உணவைப் பகிர்ந்துண்பது நற்பண்பே. அதனாலேயே வகுப்பாசிரியருக்குப் பெற்றோர் எழுத்தில் அறிவித்தல் அவசியம்.

மூச்சுத் திணறல், குரல் கம்மல், மயக்கம் என்பன தோன்றின் கணமும் தாமதித்தலாகாது. வைத்தியர் அட்ரினலின் ஊசி கொடுத்திருப்பின் தொடையின் வெளிப்புறத்தில் உடனே ஏற்றுக. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க. குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துக, மூச்சு முட்டின் இருத்திவைக்கலாம், எழுந்து நடக்கவிடற்க. அரிப்புக்குத் தரும் மாத்திரை இவ்வேளையில் உயிர் காக்காது.

"வாய் அரிக்கிறது, எனக்கு வேண்டாம்" என்று தட்டை விலக்கும் பிள்ளையை அடம்பிடிப்பதாக அதட்டுதல் எளிது. அச்சொல்லை ஒரு முறை செவிமடுத்து ஆராய்தலே பெற்றோர் கடன். பிள்ளை தன் உடலைப் பற்றிக் கூறும் முதற் செய்தி அதுவாகவும் இருக்கலாம்.