வயிற்றுத் தீயும் அதை அடக்கும் புரதமும்



உயிர்களின் உடலில் வைசுவானரன் என்னும் தீயாக அமர்ந்து, நால்வகை உணவையும் செரிக்கச் செய்பவன் தானே என்று கண்ணபிரான் பகவத் கீதையின் 15-ஆம் அத்தியாயத்தில் அருளுகிறான். அந்தத் தீ வேறு. இன்றைய மருத்துவம் குடலில் காணும் தீ வேறு. அதற்கு அழற்சி என்று பெயர். அதைப் பற்றியே இம்மலரில் எழுத விழைகிறேன்.

குடலின் உட்சுவர் ஒற்றை உயிரணு அடுக்கால் ஆனது. அதன் ஒருபுறம் கோடானுகோடி நுண்ணுயிர்கள். மறுபுறம் நம் இரத்தம். நடுவே மியூசின் என்னும் புரதத்தால் ஆன சளிப் படலம் காவல் நிற்கிறது. கிருமிகள் அதைத் தாண்டி வந்தால், 'டி.என்.எஃப்.' என்னும் அபாயச் செய்தி பரவும். செய்தி பெற்ற உயிரணுக்களில் 'என்.எஃப். கப்பா பி' என்னும் புரதம் கருவுக்குள் நுழைந்து, அழற்சிக்கான மரபணுக்களைத் தூண்டிவிடும். கிருமியை எரிக்க இத்தீ தேவைதான்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் திருவிழா நாட்களில் அன்னதானச் சமையலுக்கு நின்றவர்கள் ஒன்றை அறிவார்கள். சோறு வெந்ததும் ஒருவர் விறகை வெளியே இழுக்க வேண்டும். இல்லையேல் அண்டாச் சோறும் அடிபிடித்துப் போகும். குடலில் விறகை இழுப்பவர் யார்?

அவர்களுள் முக்கியமானது 'ஏ20' என்னும் புரதம். இந்தியப் பெற்றோருக்குக் கென்யாவில் பிறந்த விஷ்வ தீட்சித் என்ற அறிஞரின் குழுவினர் 1990-இல் இதன் மரபணுவை அறிவித்தனர். இது செயல்படும் முறையை அவர் குழுவினர் 2004-இல் விளக்கினர். அபாயச் செய்தியைக் கடத்தும் புரதத்தின் மீது 'வேலை செய்' என்ற சீட்டுப் போல ஒரு குறி ஒட்டப்பட்டிருக்கும். ஏ20 அதைக் கிழித்துவிட்டு, 'அழித்துவிடு' என்ற வேறு சீட்டை ஒட்டுகிறது. செய்தி அத்துடன் நின்றுவிடுகிறது.

இதில் வியப்பு என்னவெனில், ஏ20-ஐ மிகுதியாக உண்டாக்குவதும் அதே என்.எஃப். கப்பா பி-தான். தன்னை அணைப்பவனைத் தீயே அழைத்துக்கொள்கிறது!

பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 2010-இல், குடல் உயிரணுக்களில் மட்டும் ஏ20 இல்லாத எலிகளைப் பற்றி எழுதினர். சாதாரண நாட்களில் அவை நலமாகவே இருந்தன. குடலைப் புண்ணாக்கும் இரசாயனம் கொடுத்தபோதோ, உயிரணுக்கள் மடிந்தன, சுவர் உடைந்தது, கிருமிகள் உடலுக்குள் பரவின. காவலின் அருமை சோதனைக் காலத்தில்தான் தெரிகிறது.

இது நமக்கு அயலான செய்தியன்று. பெருங்குடல் புண்ணழற்சி மலாய்க்காரர், சீனரைவிட இந்தியரிடையே அதிகம் என்பதை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005-இல் எடுத்துக்காட்டினர். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் நடந்து 2015-இல் வெளியான ஆய்விலும் குடல் அழற்சி நோய் இந்தியரிடையேதான் அதிகம். மரபு, உணவு, குடல் நுண்ணுயிர்கள் எனப் பல சேர்ந்தே இந்நோய் வருகிறது. அது யாருடைய பாவமும் அன்று, தொற்றுநோயும் அன்று.

நம் வீடுகளில் மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலம்' என்றும் 'உடம்புச் சூடு' என்றும் சொல்லி மறைத்துவிடுவது வழக்கம். வாரக்கணக்கில் இரத்தமோ வயிற்றுப்போக்கோ நீடித்தால், உடல் மெலிந்தால், தயங்காமல் மருத்துவரை நாடுங்கள். குழாய்க் கருவியால் குடலை உட்பார்த்து நோயை அறியலாம். அடக்கி வைக்க மருந்துகள் உண்டு, டி.என்.எஃப்.-ஐயே தடுக்கும் மருந்து 1998 முதல் பயன்பட்டு வருகிறது. நலமாகிவிட்டதென்று மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கீரை, பருப்பு, காய்கறிகளின் நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் பியூட்டிரேட் என்னும் பொருளாக மாற்றுகின்றன. அது பெருங்குடல் உயிரணுக்களுக்கு உணவாகி, அழற்சியையும் தணிக்கிறது. நம் அன்னதான இலையில் இவற்றுக்கு இடம் கூட்டலாம். நோய் முற்றிய நிலையில் இருப்பவர் மட்டும் மருத்துவர் சொற்படி உண்ண வேண்டும்.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். இது ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு நடக்க வைக்கும் நோய். ஓர் ஏழை நோயாளிக்குப் போக்குவரத்துச் செலவு கொடுப்பதும், துணைக்கு ஒருவரை அனுப்புவதும் அன்னதானத்திற்கு ஒப்பான அறமே.

அனைவரும் உடல்நலம் பெற்று வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக!