வெளிநாட்டில் அழகு சிகிச்சை: நட்சத்திரக் குறிகளை எவ்வாறு படிப்பது?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில், வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தார் எங்கள் புறநோயாளர் பிரிவில் அண்மைக்காலமாக ஒரு கேள்வி கேட்கின்றனர். திருமணத்துக்கு முன் மகன் துருக்கியிலோ தாய்லாந்திலோ முடி மாற்று சிகிச்சை செய்துகொள்ள விரும்புகிறான், அந்த மருத்துவமனைக்கு ஆயிரக்கணக்கானோர் ஐந்து நட்சத்திரம் அளித்திருக்கிறார்கள், நம்பலாமா?

எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைவிட எப்போது எழுதினார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நட்ட முடி பெரும்பாலும் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். பின்னர் மெல்ல முளைத்து, முழுப் பலன் தெரிய ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகும். ஆனால் புகழ்ந்துரைகளில் பல, சிகிச்சை முடிந்த மூன்றாம் நாளில் விடுதி அறையிலிருந்து எழுதப்படுபவை. விமான நிலையத்துக்கு வண்டி வந்தது, ஊழியர்கள் அன்பாகப் பேசினார்கள் என்பவற்றுக்கு மேல் அவற்றால் எதுவும் சொல்ல இயலாது. படகுக்கு இன்ஜின் வாங்கும்போது நேற்று வாங்கியவரிடமா விசாரிக்கிறோம்? இரண்டு பருவம் ஓட்டிப் பார்த்தவரிடம் அல்லவா கேட்கிறோம்! ஓராண்டுக்குப் பின் எழுதப்பட்ட பத்துக் கருத்துரைகள், முதல் வாரத்தின் ஆயிரம் பாராட்டுகளைவிட மதிப்புடையவை.

தாமதமாக வெளிப்படும் தீங்குகளும் உண்டு. 2023-ஆம் ஆண்டு மெக்சிகோவின் மாடமோரோஸ் நகரில் முதுகுத்தண்டுவட மயக்க மருந்து செலுத்தப்பட்டு அழகு சிகிச்சை பெற்ற அமெரிக்கர்கள் பலருக்கு, பூஞ்சைத் தொற்றால் மூளைச்சவ்வு அழற்சி ஏற்பட்டது, சிலர் உயிரிழந்தனர். நோயின் அறிகுறிகள் பலருக்கும் ஊர் திரும்பிய பின்னரே தோன்றின. வாசலை விட்டு வெளியேறும்போது அவர்களிடம் கருத்துக் கேட்டிருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பார்கள்.

பொய்க் கருத்துரைகள் பெருகியதால் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐஎஸ் 19000 என்னும் தரவிதியை வெளியிட்டது. அது கட்டாயமன்று. ஒரே வாரத்தில் குவிந்தவை, ஒரே சொற்றொடரைத் திரும்பக் கூறுபவை, சிகிச்சை செய்த மருத்துவரின் பெயரைச் சொல்லாதவை ஆகியவற்றை ஐயத்துடன் நோக்குக. ஒற்றை நட்சத்திரக் குறைகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். சிக்கல் நேர்ந்தபோது நிர்வாகம் பதில் சொன்னதா, மழுப்பியதா என்பது அங்கேதான் தெரியும்.

எவர் கத்தியைப் பிடிக்கிறார் என்பதே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. நமக்கு அருகிலுள்ள சென்னையிலேயே 2016-இல் முடி மாற்று சிகிச்சைக்குப் பின் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த இடத்துக்கு முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம்தான் இருந்தது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. மருத்துவம் படித்தவரையே ஏமாற்றிய தோற்றம் அது! காணொலி பார்த்துக் கற்பது இத்தகைய சிகிச்சைக்குப் போதிய பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவுறுத்தியது. வெளிநாடுகளிலும், மருத்துவரின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு உதவியாளர்களைக் கொண்டு முடி நடும் இடங்கள் இருப்பதாகப் பன்னாட்டு முடி அறுவை மருத்துவர் சங்கம் எச்சரித்து வருகிறது. ஆகவே மருத்துவரின் முழுப்பெயரை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் மருத்துவக் கழகப் பதிவேடுகளில் அப்பெயர் உள்ளதா என எவரும் இணையத்தில் பார்க்கலாம். துருக்கியில் வெளிநாட்டு நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனைக்கு அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் தனி அனுமதிச் சான்று வேண்டும். பெயரைத் தர மறுக்கும் இடத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

நம் உடலும் தொழிலும் கருத்துரை எழுதியவருடையவை போன்றவை அல்ல. கருநிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு அதிகம். வெள்ளைத் தோலினரின் முன்-பின் படங்கள் அதைக் காட்டா. குளிரூட்டிய அலுவலகத்தில் அமர்பவர் ஒரு வாரத்தில் பணிக்குத் திரும்பினேன் என்று எழுதுவார். பாட்டு முறையில் தம் முறை வரும் நாளுக்காகக் காத்திருந்து வலை விரிப்பவருக்கும், இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கும் அக்கணக்கு பொருந்தாது. உவர்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் ஆறாத புண்வழியே நுழைந்தால், குறிப்பாகக் கல்லீரல் நோயோ நீரிழிவோ உள்ளவர்களுக்கு, உயிருக்கே ஆபத்தாகலாம். காயம் முழுதும் ஆறும்வரை ஏரியில் இறங்கக்கூடாது. அத்தனை நாள் வருமான இழப்பையும் சிகிச்சைச் செலவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கொழுப்பு உறிஞ்சுதல் போன்ற சிகிச்சைக்குப் பின் ஐந்து முதல் ஏழு நாளும், வயிற்றுத் தோல் சீரமைப்புக்குப் பின் ஏழு முதல் பத்து நாளும் விமானப் பயணத்தைத் தவிர்க்குமாறு பிரித்தானிய தேசிய சுகாதார சேவை கூறுகிறது. மூன்று நாள் தொகுப்புப் பயணம் என்னும் விளம்பரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் செல்ல முடிவு செய்தால், புறப்படுமுன் எங்களிடம் வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை, உட்கொள்ளும் மருந்துகள் பற்றிக் கலந்துபேசுங்கள். திரும்பும்போது அறுவைக் குறிப்பு, மயக்க மருந்தின் விவரம், அளிக்கப்பட்ட மருந்துகளின் பெயர், உடலுக்குள் ஏதேனும் பொருத்தப்பட்டிருந்தால் அதன் அடையாளச் சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டுவர வேண்டும். காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், கடுந்தலைவலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவானாலும், அந்தத் தாள்களுடன் அவசரப் பிரிவுக்கு வருக.