ஆற்றுமீன்களின் வித்து வளமும் கிராமத்தார் கடமையும்

நெல் சாகுபடி செய்யும் குடியானவர்கள் விதையின் அருமையை நன்கறிவர். வறட்சி தாங்கும் நெல், வெள்ளத்தில் அழுகாத நெல், களரில் விளையும் நெல் எனப் பலவகை வித்துகள் ஊரில் இருந்தமையால், எப்பருவம் பொய்த்தாலும் ஏதேனும் ஒன்று கைகொடுத்தது. ஆற்றுமீன்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஒரே இனத்தைச் சேர்ந்த மீன்களிலும் சில சூடேறிய ஜலத்தைத் தாங்கும். சில நோயை எதிர்க்கும். சில முதல் வெள்ளத்திலேயே முட்டையிடும். பரம்பரையாக வரும் இவ்வேற்றுமைகளின் தொகுதியே வித்து வளமாகும். மீன்களின் எண்ணிக்கை குறைந்தால் நல்ல மழையில் மீண்டும் பெருகக்கூடும். வித்து வளம் அழிந்தாலோ எளிதில் மீளாது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வெள்ளாறும் பாம்பாறும் அக்கினியாறும் மழையை நம்பி ஓடுபவை. கோடையில் மீன்கள் மடுக்களிலும் கண்மாய்களிலும் ஒதுங்கி, ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் பரவுகின்றன. மேலும், 1934-இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயின் கடைமடை அறந்தாங்கிப் பக்கத்தில் அமைந்துள்ளமையால், காவிரியில் நேரும் நன்மை தீமைகள் இம்மாவட்டத்தாருக்கும் உரியனவே.

வித்து வளம் குறைவதற்கு மனிதர் செயல்களே முக்கிய காரணம். அவை நான்கு வகைப்படும்.

முதலாவது, ஆற்றை மறித்தல். மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றபின், கடலிலிருந்து காவிரியில் எதிரேறி வந்த உல்லம் மீன் மிகவும் அருகிவிட்டது. அணைகளுக்கிடையே அகப்பட்ட மீன்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து, நாளடைவில் உறவுக்குள்ளேயே இனம்பெருக்க நேரிடுகிறது.

இரண்டாவது, வேற்றிட மீன்களை விடுதல். காவிரிக்கே உரியது செம்மஞ்சள் துடுப்பும் திமிலும் உடைய மஹாசீர். 1970-களிலிருந்து, மகாராஷ்டிரத்து லோனாவ்லாவில் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மஹாசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. நோக்கம் நல்லதே, எனினும் வந்த மீன் பெருகிற்று, சொந்த மீன் ஒடுங்கிற்று. 2018-இல் ஆராய்ச்சியாளர்கள் திமில் மஹாசீரின் சரியான இனப்பெயரை நிச்சயித்த பொழுது, அது அழிவின் விளிம்பில் நின்றது. அவ்வாண்டே சர்வதேசச் செம்பட்டியலிலும் அவ்வாறே சேர்க்கப்பட்டது. 1952-இல் இந்தியாவிற்கு வந்த ஜிலேபிக் கெண்டையும் இன்று நம் கண்மாய்களில் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பங்கிட்டுக் கொள்கிறது.

மூன்றாவது, பொரிப்பகக் குஞ்சுகள். 1957-இல் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஊசிமருந்தால் கெண்டையினங்களை முட்டையிடச் செய்தனர். அதனால் விளைந்த லாபம் பெரிது. ஆயினும் ஒரே தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுவதால், மிகச் சில பெற்றோரின் சந்ததியே பல கண்மாய்களை நிரப்பக்கூடும். 5 ஆணும் 5 பெண்ணும் கொண்டு இனம்பெருக்கினால், தலைமுறைக்கு நூற்றுக்கு 5 பங்கு வேற்றுமை குறையும். 1 ஆணும் 9 பெண்ணும் ஆயின், ஏறக்குறைய 14 பங்கு குறையும். இக்குஞ்சுகள் வெள்ளத்தில் தப்பி ஆற்றிலுள்ள தம்மினத்தோடு கலந்தால், அக்குறைவு அங்கும் பரவும்.

நான்காவது, பிடிக்கும் முறை. பெரிய மீன்களையே ஆண்டுதோறும் அரித்தெடுத்தால், சிறிதாயிருக்கும்போதே முட்டையிடுபவை மட்டும் சந்ததி வைக்கும். கடைசி மடுவையும் இறைத்துப் பிடித்தால் அடுத்த வெள்ளத்திற்கு வித்தே இராது. பார்ப்புடன் திரியும் விராலைப் பிடிப்பது, காவலற்ற குஞ்சுகள் முழுவதையும் இழப்பதாகும்.

மீன்பாசிக் குத்தகை ஊராட்சிக்கு வருமானம் தருவது. அதை விட்டுவிடும்படி ஒருவரும் சொல்லார். ஆயினும் குத்தகை நிபந்தனைகளை எழுதும்போதே பின்வருவனவற்றைச் சேர்த்துக்கொள்வது உசிதம்:

1. கோடையில் ஒரு மடுவையேனும் இறைக்காமலும் வலைபோடாமலும் விட்டுவைக்க வேண்டும்.

2. முதல் வெள்ளத்தில் மீன் ஏறும் ஓடைகளைத் தட்டிகட்டி அடைத்துப் பறி வைக்கலாகாது.

3. வெளியூர் மீன்களை, ஆற்றோடும் கால்வாயோடும் தொடர்பில்லாத பண்ணைக் குட்டைகளில் மட்டுமே வளர்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு சட்டப்படி தடைசெய்யப்பட்டது.

4. குஞ்சு வாங்குகையில், தாய்மீன்கள் எத்தனை, அவை எப்பொழுது மாற்றப்பட்டன என்று பொரிப்பகத்தாரிடம் கேட்டறிதல் வேண்டும்.

குத்தகைதாரர் முதலிரண்டு நிபந்தனைகளையும் நஷ்டமெனக் கருதலாம். அவ்வாறாயின் ஏலத்தொகையைச் சிறிது குறைத்தேனும் அவற்றை நிலைநிறுத்துவது தகும். விதைநெல்லை உண்டுவிட்டவன் அடுத்த போகத்திற்கு விதையைக் கடன் வாங்கலாம். அயிரையும் ஆராலும் விராலும் வித்தற்றுப் போனால் கடன் கொடுப்பார் எவருமிலர்.