சாவி எந்த எண்ணிலிருந்து பிறந்தது?

பிட்காயினைப் பரிவர்த்தனை நிறுவனத்திடம் விட்டுவைக்காதே, சாவியை நீயே உருவாக்கி வைத்துக்கொள் என்கிறது இணையம். மலேசியாவின் கமுந்திங்கில் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கிரிப்டோ வாங்குபவர் காதுக்கும் இது எட்டுகிறது. அறிவுரை சரிதான், ஆனால் பாதிதான். 2023 ஜூலை 12 அன்று, அதை அப்படியே பின்பற்றிய பலரின் பிட்காயின் களவு போனது. அவர்கள் பயன்படுத்தியது லிப்பிட்காயின் எக்ஸ்புளோரர் என்ற கட்டளைவரிக் கருவி. அதன் 3.x பதிப்புகளில், சாவிக்கு மூலமான எண்ணைத் தரும் கட்டளை கணினியின் கடிகாரத்தை நம்பியிருந்தது. 24 மீட்புச் சொல் கொண்ட வாலட்டுக்கு 256 பிட் அளவுக்கு ஊகிக்க முடியாத எண் வேண்டும். அந்தக் கட்டளை தந்ததோ 32 பிட் மட்டுமே. அதாவது சுமார் 430 கோடி சாத்தியங்கள். விளையாட்டுக்கு வாங்கிய கணினியே சில நாளில் அத்தனையையும் சோதித்துவிடும். மொத்தத்தில் களவு போனது 9 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல்.

மூல எண் ஒன்றாக இருந்தால் அதிலிருந்து வரும் சாவிகளும் எப்போதும் ஒன்றேதான். அதனால் பின்னால் எத்தனை கணக்கீடு நடந்தாலும் பலவீனமான தொடக்கத்தைச் சரிசெய்ய முடியாது. நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தால் யாராவது பிழையைக் கண்டுபிடிப்பார்கள் என்று வாதிடுவார்கள். இந்தக் கட்டளையின் நிரலும் திறந்தே இருந்தது. பிட்காயினைக் கற்பிக்கும் புகழ்பெற்ற நூலொன்றிலும் அது இடம்பெற்றிருந்தது. பிழை வெளியே தெரிந்ததோ களவுக்குப் பிறகுதான். ஆகவே மூல எண்ணை நீங்களே தருவது மேல்: பகடையை 99 முறை உருட்டினால் ஏறத்தாழ 256 பிட் கிடைக்கும். கருவியின் கையொப்பத்தைச் சரிபார்த்து, இணையமில்லாத கணினியில் இயக்குங்கள். மீட்புச் சொற்களைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள். கட்டளை வரலாற்றில் அவை தங்கிவிடும். சிறு தொகையை அனுப்பி, எழுதிவைத்த சொற்களால் வாலட்டை மீட்டுப் பார்த்த பிறகே பெரிய தொகை. நண்பர் உருவாக்கித் தந்த சாவி நண்பருக்கும் தெரிந்த சாவி.

இத்தனை தொல்லை எதற்கு, நிறுவனத்திடமே விடலாமே என்பார்கள். 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடப்பட்டு, வாடிக்கையாளர்கள் பணம் எடுக்க முடியாமல் நின்றார்கள். ஆனாலும் மேற்சொன்ன சோதனைகளைச் செய்ய இயலாதவருக்குப் பதிவுபெற்ற நிறுவனமே மேல் என்பது என் முடிவு. மலேசியாவில் 2019 ஜனவரி 15 முதல் மின்னிலக்கச் சொத்துகள் பங்குப் பத்திரச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பங்குப் பத்திர ஆணையத்திடம் பதியாமல் அவற்றுக்குச் சந்தை நடத்துவது குற்றம். பதிவு உண்டா என்பதை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பார்க்கலாம், ஆணையத்திடம் புகாரும் செய்யலாம். சொந்தச் சாவிக்கு இந்த வழி இல்லை; போன காசைத் திருப்பியனுப்பப் பிட்காயினில் அதிகாரி எவரும் இல்லை. ஆனால் மோசடிக்காரருக்கு வங்கி வழியாக வெள்ளி அனுப்பியிருந்தால் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைத்து, போலீஸ் புகாரும் கொடுங்கள். லிப்பிட்காயினின் அந்தப் பழைய கட்டளையால் சாவி செய்தவர்கள் மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. புதிய சாவி உருவாக்கி, காசை இன்றே அதற்கு மாற்றுங்கள்.